ஆச்சியும் ப்யோம்கேஷ் பாபுவும்

டெலிவிஷன் பார்ப்பவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையார், தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலிலிருந்து முடிவில் வரும் நன்றி அறிவிப்பு வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். இரண்டாம் வகையார் பார்க்கவே மாட்டார்கள். பார்ப்பவர்களைக் கண்டால் அநுதாபப்படுவார்கள். நான் மூன்றாம் வகை. பார்ப்பேன், ஆனால் முழுவதும் பார்க்க மாட்டேன். துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன். தயிர்சாதம் பிசைந்துகொண்டே பார்ப்பேன். பார்த்துக்கொண்டே தூங்கியும் போவேன். இப்படிப்பட்ட ஒருவன், துப்பறியும் தொடர் ஒன்றை வாரந்தோறும் பார்த்து அதன் கதையை இன்னொருவருக்குச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். சங்க நண்பர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் கடைசி வரையில் என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்கத்தாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வந்த புதிதில் எனக்கு இந்தி அரைகுறை. வங்காளி அறவே கிடையாது. என் அறைத் தோழன் வங்காளி. “இந்தியும் பழகும், எங்கள் ஊரும் பழகும்” என்று சொல்லி அவன் சிபாரிசு செய்ததுதான் ‘ப்யோம்கேஷ் பக்‌ஷி’. சரதிந்து பந்தோபாத்யாய 1932இல் எழுதத் தொடங்கிய துப்பறியும் கதைகளைப் பாசு சட்டர்ஜி இந்தியில் தொடராக எடுத்தார். 1993இல் தூர்தர்ஷனில் வந்தது. 1997இல் மறுபடியும் வந்தது. நான் பிறக்கும் முன்பே வந்து முடிந்துபோன தொடர். ரஜித் கபூர் ப்யோம்கேஷாகவும், கே. கே. ரெய்னா அவருடைய நண்பர் அஜித்தாகவும் நடித்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் குறைவு, பேச்சு அதிகம். ஆகவே இடையிடையே தூங்குவதற்கும் வசதியாக இருந்தது.

முதல் கதையே ஒரு ‘மெஸ்’ஸில் நடக்கிறது. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் தங்கிச் சாப்பிடும் இடம். அங்கே வேறு பெயரில் வந்து சேரும் ப்யோம்கேஷும் அஜித்தும் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இனியவராக இருக்கும் ஹோமியோபதி டாக்டர்தான் கடைசியில் கொகேன் வியாபாரியாகவும் கொலைகாரராகவும் வெளிப்படுகிறார். பிற்பாடு நண்பர்கள் இருவரும் குடியிருக்கும் ஹாரிஸன் ரோடு, இன்றைய மகாத்மா காந்தி ரோடு. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தச் சாலையைக் கடக்கிறேன். ப்யோம்கேஷிடம் ஒரு பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தம்மைத் ‘துப்பறிவாளர்’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘சத்தியான்வேஷி’ என்று சொல்லிக்கொள்வார். உண்மையைத் தேடுகிறவன் என்று பொருள்.

இனி ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். கண்ணில் அழுத்தம் கூடும் நோயினால் நான்கு ஆண்டுகளாகப் பார்வை இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான் தொலைபேசியில் கூப்பிடுவேன். “சாப்பிட்டியா?”, “அங்க மழையா?” என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள், “அங்கன என்னல பாத்துக்கிட்டிருக்க? யாரோ பேசுத சத்தம் கேக்குது” என்றாள். “ஒரு துப்பறியும் கதை ஆச்சி” என்றேன். “எனக்கும் சொல்லேன்” என்றாள்.

கதை கேட்பது ஆச்சிக்குப் புதிதல்ல. தாத்தா இருந்தவரையில் சினிமாப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வாராம். காதால் கேட்டே எத்தனையோ படங்களைப் பார்த்தவள் அவள். கேள்வி ஞானம் என்பது அவளைப் பொறுத்தவரையில் வெறும் சொல்லல்ல.

அன்று நான் சொன்னது கிராமபோன் ஊசிக் கதை. கல்கத்தா வீதியில் நடந்துபோகும் பணக்காரர்கள் திடீர் திடீரென்று விழுந்து சாகிறார்கள். இதயத்தில் ஒரு கிராமபோன் ஊசி பாய்ந்திருக்கிறது. வெடிச்சத்தம் எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. சுட்டவனை யாரும் பார்க்கவும் இல்லை. இன்னொரு பக்கம், ‘பாதையில் கிடக்கும் முள்ளை’ அகற்றித் தருவதாகச் செய்தித்தாளில் ஒரு விசித்திரமான விளம்பரம். கடைசியில் பார்த்தால், ஊசியை எய்யும் கருவி சைக்கிள் மணிக்குள் இருக்கிறது! கொலைகாரன் மணியடித்துக்கொண்டே எதிரில் வருகிறான். மணிச் சத்தத்தில் விசையின் சத்தம் மறைந்துபோகிறது. நான் பௌதிகம் படிப்பவன் ஆதலால், விசையைப் பற்றி மட்டும் ஐந்து நிமிஷம் விளக்கினேன்.

ஆச்சி அந்த விளக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. “நல்லா யோசிச்சிருக்கான் பாவிப் பய. மணியடிச்சா நாம ஒதுங்கத்தான செய்வோம்? அடிச்சவன் மூஞ்சிய யாரு பாக்கா?” என்றாள். ஒரு மணி நேரம் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

மறுவாரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. சித்தி தொலைபேசியைத் திண்ணையில் வைத்து ஒலியைக் கூட்டிவிடுவாள். பக்கத்து வீட்டு மதினி வருவாள். பீடி சுற்றும் அக்காமார் இரண்டு பேர் தட்டோடு வந்து உட்கார்வார்கள். ப்யோம்கேஷ் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் ‘பூமேசன்’ ஆயிற்று. “பூமேசன் வந்தாச்சா?” என்று கேட்கும் குரல் இங்கே எனக்குக் கேட்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு திண்ணையில் கதாகாலட்சேபம் நடத்தும் பெருமை என் தலைக்கு ஏறிவிட்டது.

பெருமை ஏறியதே தவிர, பார்க்கும் வழக்கம் மாறவில்லை. பாதி பார்ப்பேன், மீதியில் தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் குற்றவாளி தலைகுனிந்து நிற்பான். நடுவில் என்ன நடந்தது? திருப்பிப் போட்டுப் பார்ப்பதற்குச் சோம்பல். ஆகவே நானே ஒரு பாலம் கட்டிவிடுவேன். கால்வாசி சொந்தச் சரக்கு என்பது யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு கதையில், சிற்பமும் ரசாயனமும் கற்ற ஒரு பெரிய மனிதர் வைரம் ஒன்றைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, “முடிந்தால் தேடிக்கொள்” என்று ப்யோம்கேஷிடம் சவால் விடுகிறார். அது மேஜைமேல் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கும் சின்ன நடராஜர் பொம்மைக்குள் இருக்கிறது. நடராஜர் என்றதும் திண்ணை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆச்சி கேட்டாள்:

“எந்தக் காலத் தூக்கியிருந்தாரு?”

நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனாலும், “வலது கால் ஆச்சி” என்றேன்.

“வலது காலா? அப்பம் அது மதுரை வெள்ளியம்பலத்து நடராசருல்லா! அங்கதான கால் மாறி ஆடுவாரு? வங்காளத்துக்காரன் வீட்டுக்கு அவரு எப்பிடிப் போனாரு?”

அகப்பட்டுக்கொண்டேன். அப்பொழுதாவது ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். “மதுரைக்கு வந்தபோது பார்த்து, அதே மாதிரி செய்துகொண்டாராம்” என்றேன். ஆச்சி “ஓஹோ” என்றாள். அந்த ஓஹோவில் ஏதோ இருந்தது. கதை சொல்லும் சுறுசுறுப்பில் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு. அன்றைக்குச் சிலந்திச் சாறு கதை. படுத்த படுக்கையாய் இருக்கும் கிழவர் ஒருவர், சிலந்தியின் சாற்றை உட்கொள்ளும் விபரீதப் பழக்கத்துக்கு அடிமை. வீட்டார் இரவும் பகலும் காவல் காக்கிறார்கள். இருந்தும் அவருக்கு அந்தச் சாறு எப்படியோ கிடைத்துக்கொண்டிருக்கிறது. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. ப்யோம்கேஷுக்கு வேறு வழக்கில் வேலை. ஆகவே அஜித்தை அனுப்புகிறார். அஜித் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை எல்லாம் சொல்கிறார். கேட்ட மாத்திரத்தில், இருந்த இடத்திலிருந்தே ப்யோம்கேஷ் விடையைச் சொல்லிவிடுகிறார். கிழவர் கதை எழுதுகிறவர். சாறு இருப்பது அவருடைய சிவப்பு மையில், பேனாமுனையை வாயில் வைத்துச் சப்புகிறார், அவ்வளவுதான்!

நான் முடித்தேன். வழக்கமான கலகலப்பு எழவில்லை. சற்று நேரம் கழித்து, “ரெண்டு நிறத்து மையில எழுதுதான், பேனாவ வாயில வைக்கான்னு நீ முன்னால சொல்லவே இல்லையே?” என்றாள் ஆச்சி.

உண்மை. அஜித் கிழவரைப் பார்க்கும் காட்சி வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முடிவைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

எல்லோரும் எழுந்து போகும் அரவம் கேட்டது. ஆச்சி தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள் போலும். குரல் அருகில் வந்தது.

“அந்த அஜித்து நல்ல பய. தனக்குப் புரியாததையும் பாத்தது பாத்தபடி வந்து சொன்னான். அதனால வீட்டுல உக்காந்திருந்தவனுக்கு விளங்கிச்சு. நீ உனக்குப் புரிஞ்சத மட்டும் சொல்லுத. புரியாத எடத்துல நீயா ஒண்ண வச்சு மெழுகிடுத. அப்பம் நான் எத வச்சு யோசிக்க?”

நான் பேசவில்லை.

“வாசல் வேம்ப வெட்டி ஆறு மாசம் இருக்குமால?” என்றாள்.

என் கையிலிருந்து தொலைபேசி நழுவாமல் இருந்தது ஆச்சரியம். அந்த வேம்பு, அப்பா பிறந்த ஆண்டில் தாத்தா வைத்தது. வேர் ஓடிச் சுவர் விரிசல் விட்டதால், மாசி மாதக் கடைசியில் சித்தப்பா அதை வெட்டிவிட்டார். வெட்டிய இரண்டு நாளும் ஆச்சியை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “பார்க்கவா போகிறாள்? சொன்னால் மனசு உடைந்துபோவாள், சொல்ல வேண்டாம்” என்று குடும்பத்தில் எல்லோரும் கூடி எடுத்த முடிவு. நானும் தலையாட்டியவர்களில் ஒருவன். சித்திரையில் விடுமுறைக்குப் போயிருந்தபோது, திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “வேம்பு பூத்திருக்கால?” என்று கேட்டாள். “பூத்துக் குலுங்குது ஆச்சி” என்றேன். ‘பூத்திருக்கு’ என்று மட்டும் சொல்லியிருந்தாலும் பொய்தான். ‘குலுங்குது’ என்பது கதை சொல்லியின் கைச்சரக்கு.

“அக்கா வீட்டுலருந்து வந்த அன்னைக்கே தெரியும்” என்றாள். “மூணு மணிக்குத் திண்ணையில கைய வச்சேன், சுட்டுது. இத்தன வருசமா அந்த நேரத்துல சுடாத திண்ணை. சாயங்காலம் காக்கா வந்து அடையல. சித்திரையில பூ வாசம் வரல. மரம் இல்லன்னு மூணு சாட்சி சொல்லியாச்சு. நாலாவது சாட்சி நீ. நீ மட்டும் மாத்திச் சொன்ன.”

“அப்பமே ஏன் ஆச்சி கேக்கல?”

“நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.”

கொஞ்சம் பொறுத்து, “மரம் போனதுக்கு நான் அழுது முடிச்சாச்சுல. அதுக்கில்ல. கண்ணு தெரியாதவளுக்கு மத்தவுக சொல்லுததுதான் கண்ணு. அதுலயும் படலம் விழுந்தா நான் என்ன செய்ய?” என்றாள். பிறகு, வழக்கம்போல், “நேரத்தோட தூங்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நேரத்தோடு தூங்க முடியவில்லை. மேஜைமேல் என் ஆய்வேடு திறந்து கிடந்தது.

அதற்கு முந்தைய புதன்கிழமை இரவு ஓர் உலோகக் கலவையின் மின்தடையை அளந்துகொண்டிருந்தேன். திரவ நைட்ரஜனில் 77 கெல்வின் வரை குளிரவைத்து, மெல்ல மெல்லச் சூடேறும்போது 5 கெல்வினுக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். கருவியைக் கணினியோடு இணைக்கும் கம்பி பழுது. ஆகவே கையால்தான் குறிக்க வேண்டும். 145 கெல்வின் வரை குறித்தேன். விழித்தபோது வெப்பமானி 183 காட்டியது. நடுவில் ஏழு அளவீடுகள் போய்விட்டன. முன்னும் பின்னும் இருந்த புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஸ்கேலை வைத்தேன், ஏழு எண்களைப் படித்தேன், பத்தியில் நிரப்பினேன். எந்தத் தயக்கமும் ஏற்பட்டதாக நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து செய்து கை பழகியிருந்தது.

அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பருவத்தின் துறைக் கருத்தரங்கில் பேச இடம் கிடைக்கும். ஏழு புள்ளிகளை ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பேராசிரியை என் பட்டியலை வைத்துத்தான் யோசிப்பார். நான் மெழுகி வைத்த இடத்தில் அவர் எதைக் கண்டுபிடிப்பார்?

திங்கட்கிழமை காலையில் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஆய்வேட்டை வாங்கிப் பார்த்தார். “அழிக்காதே. ஒரே ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுது” என்றார். ‘இவை அளவீடுகள் அல்ல, இந்நேரத்தில் நான் தூங்கிவிட்டேன்’ என்று எழுதினேன். இருபத்துமூன்று வயதில் நான் எழுதிய வாக்கியங்களில் அதைப்போல் என் கையைக் கூச வைத்தது வேறொன்றும் இல்லை. திரவ நைட்ரஜன் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. அறிக்கை தாமதமாயிற்று, கருத்தரங்கில் இடமும் போயிற்று.

மறுபடி அளந்தபோது ஏதேனும் அதிசயம் நிகழ்ந்ததா என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லை. புதிய ஏழு எண்களும் நான் இட்டு நிரப்பிய எண்களுக்கு மிக அருகிலேயே இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம். உண்மைப் புள்ளிகள் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழுமாகச் சிதறி இருந்தன. எந்தக் கருவிக்கும் உள்ள சிறு நடுக்கம் அவற்றில் இருந்தது. என் பொய்ப் புள்ளிகளோ அணிவகுத்த சிப்பாய்களைப் போல் நேராக நின்றன. ப்யோம்கேஷ் பாபு பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் பிடித்திருப்பார். ஆச்சியின் திண்ணையும் அப்படித்தானே? எல்லோருடைய சொல்லும் பிசகில்லாமல் இருந்தது; திண்ணை மட்டும் சுட்டது.

சித்தப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. மறுநாள் அவரே ஆச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். “மரத்த என்னடா செஞ்ச?” என்று மட்டும் கேட்டாளாம். மாட்டுத் தொழுவத்துக்குக் கதவு போட்டிருப்பதாகச் சொன்னார். அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, கதவை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். சித்தி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். திண்ணை நிறைந்திருந்தது.

“ஆச்சி, இன்னைக்கு நடுவுல பத்து நிமிஷம் தூங்கிட்டேன்” என்றேன்.

அக்காமார் சிரித்தார்கள். ஆச்சி அதட்டினாள். “இருக்கட்டும். அந்தப் பத்து நிமிசத்த நாங்க யோசிச்சுக்கிடுதோம். முன்னால பாத்ததையும் பின்னால பாத்ததையும் ஒழுங்காச் சொல்லு.”

சொன்னேன். அவர்கள் யோசித்தார்கள். மதினி ஒன்று சொன்னாள். பீடி அக்கா அதை மறுத்தாள். ஆச்சி மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அன்று கதை முடிய மணி பத்தாயிற்று. தொலைபேசியை வைக்கப் போகும் சமயத்தில் ஆச்சி கேட்டாள்:

“ஏல, அந்த நடராசரு எந்தக் காலத் தூக்கியிருந்தாரு?”

“அன்னைக்குக் கவனிக்கல ஆச்சி. மறுபடியும் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“அது சரி” என்றாள் ஆச்சி.